மருந்துவாழ்மலை மூலிகைக்கு எந்த மோட்டார் புரதம்: ஈஜி-5ஆ, சென்ப்-ஈயா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்யும் பிள்ளைகளுக்கு மருந்துவாழ்மலை மூலிகை கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. இலைச்சாறு புற்றுநோய் செல்லைக் கொல்கிறது என்று காட்டுவதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். எந்தப் புரதத்தை முடக்கிக் கொல்கிறது என்று கேட்டால்தான் விஷயம் சூடுபிடிக்கும். செல் பிரியும்போது குரோமோசோம்களை இடம் சேர்க்க உதவும் மனித மோட்டார் புரதங்களை, அதாவது ஆற்றலைச் செலவழித்து நகரும் புரதங்களை, அதற்குத் தாராளமாக எடுக்கலாம். ஈஜி-5, சென்ப்-ஈ இரண்டும் அந்த வகைதான். டாக்சால், வின்கிரிஸ்டின் போன்ற புற்றுநோய் மருந்துகள், மோட்டார்கள் தண்டவாளம்போலப் பிடித்து நகரும் நுண்குழல்களையே தாக்குவதால் நரம்பும் பாதிக்கப்பட்டு, கை கால் மரத்துப்போகும். மோட்டாரை மட்டும் நிறுத்தினால் அதைத் தவிர்க்கலாமே என்றுதான் இந்த ஆராய்ச்சி வளர்ந்தது.

சென்ப்-ஈயின் வேலையைக் கேட்டதுமே பிடித்துப்போகும். குரோமோசோமில் நுண்குழல் பிடிக்கும் இடமான கைனட்டோகோரில் அமர்ந்து, பிரியும் செல்லின் துருவத்தருகே (ஒரு முனையருகே) சிக்கிய குரோமோசோமை நடுக்கோட்டுக்கு நகர்த்துவது அதுதான். ஈஜி-5 அப்படிக் குரோமோசோமைச் சுமப்பதில்லை. நான்கு இழைகள் சேர்ந்து, இரு முனையிலும் மோட்டார் தலைகளோடு நின்று, எதிரெதிர் நுண்குழல்களைத் தள்ளித் துருவங்களைப் பிரிக்கிறது. புராஜெக்ட் தலைப்பில் ‘குரோமோசோம் நகர்வு’ என்று இருந்தால் சென்ப்-ஈ பக்கம்தான் மனம் போகும். ஆனாலும் என் ஓட்டு ஈஜி-5க்கு.

முதல் காரணம், ஒப்பிட்டுப் பார்க்க, அந்தப் புரதத்தை முடக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு தடுப்பான் வேண்டும். ஈஜி-5க்கு 1999-இல் வெளிவந்த மோனாஸ்ட்ரோல் இருக்கிறது. அதைவிட வீரியமான எஸ்டிஎல்சி இருக்கிறது. இரண்டும் சாதாரண ரசாயனமாக வாங்கக் கூடியவை. அதோடு, எஸ்டிஎல்சி நுண்குழல் இல்லாமலே ஈஜி-5இன் அடிப்படை ஏடிபி (மோட்டாரின் எரிபொருள்) சிதைவைக் குறைத்துவிடும். அதனால் முதல் சுற்றுச் சோதனைக்கு, நுண்குழல் செய்ய வேண்டிய டியூபுலின் புரதம் தேவையில்லை. சென்ப்-ஈக்குப் பெயர் பெற்ற தடுப்பான் ஜிஎஸ்கே923295. புரதம் நுண்குழலைப் பிடித்திருக்கும் நிலையில்தான் அது வேலை செய்யும். எனவே டியூபுலின் இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது.

அளவும் பார்க்க வேண்டும். முழு சென்ப்-ஈ ஏறத்தாழ 2,700 அமினோ அமிலம் நீளம், ஈ.கோலை பாக்டீரியாவில் வளர்த்து அதை முழுசாக எடுப்பதை மறந்துவிடலாம். விலைக்கு வாங்கும் குப்பியில் வருவது பெரும்பாலும் மோட்டார் தலைத் துண்டு மட்டுமே. ஈஜி-5 முழுதாக 1,056. ஏடிபி சோதனைக்கு முதல் 368 போதும். லேபிளில் ஜிஎஸ்டி ஒட்டு (சுத்திகரிக்க வசதியாக இணைக்கும் இன்னொரு புரதம்) என்று இருந்தால் கவனியுங்கள். ஜிஎஸ்டி தானாகவே இரண்டிரண்டாகச் சேரும் புரதம்; தனியாக இருக்க வேண்டிய தலைகளை ஜோடி சேர்த்துவிடும். சில ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களை மட்டும் சேர்க்கும் ஹிஸ்டிடின் ஒட்டில் இந்தத் தொல்லை குறைவு.

சரி, குப்பி வாங்குவதா, நாமே வளர்ப்பதா? உறைந்து வரும் புரதம் மைனஸ் 80 டிகிரியில் இருக்க வேண்டும். உருக்கி உருக்கி உறையவைத்தால் செத்துவிடும். ஐப்பசி மழையில் கரண்ட் போவது நமக்குப் புதிதில்லை. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு மாவட்டத்தின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி ஒரு வாரம் வந்தால் விலையுயர்ந்த குப்பி வீண். அந்தப் புரதத்தின் மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) கையில் இருந்தால் பாக்டீரியாவில் மறுபடி வளர்த்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, 18 டிகிரி வரை குளிரும் ஷேக்கர் (வளர்ப்பைக் குலுக்கும் கருவி) வேண்டும். சாதாரண ஷேக்கர் நம் ஊர் அறை வெப்பத்துக்குக் கீழே இறங்காது. சூட்டில் வளர்த்தால் புரதம் கரையாத கட்டியாகிவிடும். சுத்திகரிப்பு முடிந்து ஜெல்லில் 40 கிலோடால்டன் பக்கம் தடித்த பட்டை தெரிந்தால் ஆள் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

சோதனை முறையில்தான் மூலிகைக்காரர்கள் அதிகம் சிக்குகிறார்கள். மோட்டார் எவ்வளவு ஏடிபியைச் சிதைக்கிறது என்று அளக்க இரண்டு வழி. என்ஏடிஹெச் முறை, அந்தச் சேர்மம் குறைவதை 340 நானோமீட்டர் ஒளியில் தொடர்ந்து அளக்கும், அழகான முறை. ஆனால் இலையிலுள்ள ஃபிளேவனாய்டுகளும் டானின்களும் அதே இடத்தில் ஒளியை விழுங்கும். மாலகைட் கிரீன் என்ற சாய முறை, ஏடிபி சிதைந்து வெளிவரும் பாஸ்பேட்டை 620 முதல் 650 நானோமீட்டருக்குள் அளக்கும். அங்கே பச்சையம் குறுக்கிடும். பச்சையத்தை முன்பே பிரித்தெடுக்கலாம், டானினை அவ்வளவு சுலபமாக முடியாது. அதனால் நான் மாலகைட் கிரீனையே சொல்வேன். ஒவ்வொரு சாற்றுச் செறிவுக்கும் ஒப்பீட்டுக்குப் புரதம் சேர்க்காத தனி பிளாங்க் வையுங்கள். சோப்புத்தூளில் கழுவிய கண்ணாடியைத் தொடாதீர்கள், பாஸ்பேட் ஒட்டியிருக்கலாம். பாஸ்பேட் பஃபரும் கூடாது. அப்புறம், டானின் எந்தப் புரதத்தையும் கட்டியாக்கும். கட்டியைக் கரைக்கும் ட்ரைட்டான் சோப்பு 0.01 சதவீதம் சேர்த்ததும் தடுப்பு மறைந்துவிட்டால், கிடைத்தது மருந்தாக இருக்க வாய்ப்பு குறைவு.

செல் வளர்ப்பும் ஃபுளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பும் இருந்தால் மட்டும் சென்ப்-ஈ என்னை இழுக்கும். ஈஜி-5 நின்றால் துருவம் பிரியாமல் குரோமோசோம்கள் நட்சத்திரம்போல வட்டமடித்து நிற்கும், பார்த்தவுடன் தெரியும். சென்ப்-ஈ நின்றால் பெரும்பாலானவை நடுவில் ஒழுங்காக நிற்க, சில மட்டும் துருவத்தோரம் ஒதுங்கிக் கிடக்கும். அதை எண்ணிப் பார்க்கப் பொறுமை வேண்டும். அந்த வழியில் போகிறவர்கள் டியூபுலினுக்கு ஆட்டு மூளையை நம்பலாம். ஆடு அறுக்கும் நேரத்திலேயே ஐஸ் பெட்டியோடு நின்று வாங்கி, தாமதிக்காமல் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும்.