34-400 டீசல் மாதிரி: நான்கு ஆண்டு ஓட்டத்தில் எது நின்றது, எது கழன்றது

ரெசினில் அச்சிட்ட, தென்னாப்பிரிக்க ரயில்வேயின் கிளாஸ் 34-400 டீசல் இன்ஜின் பாடி, அடியில் ஒரு அமெரிக்க ஆறு-அச்சு டீசல் மாதிரியின் பழைய சேசிஸ் (மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிப்பகுதி), 1:87 அளவு, 16.5 மி.மீ. தண்டவாளம். டர்பனின் உப்புக் காற்றில் நான்கு ஆண்டு ஓடியாகிவிட்டது. அழகுக்காகச் சேர்த்தவற்றில் பாதி கழன்றது. ஸ்குரூ போட்டுப் பூட்டியவை அப்படியே இருக்கின்றன.

முதலில் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம். நம் 1067 மி.மீ. பாதை 1:87-இல் 12.3 மி.மீ. மட்டுமே. 16.5-இல் நிறுத்தினால் வண்டி காலை அகட்டி நிற்கும். தென்னாப்பிரிக்க வண்டிகளின் அகல வரம்பான 3048 மி.மீ. இந்த அளவில் 35 மி.மீ. ஆகிறது. அதற்குள் அடக்க, போகியின் (சக்கரங்களைத் தாங்கும் சட்டகத்தின்) பக்கச் சட்டங்களின் உட்புறத்தைச் சக்கரம் உரசாத எல்லை வரை அரத்தால் தேய்க்க வேண்டும். மனம் ஒப்பாதவர்கள் 1:64-க்குப் போகலாம். அங்கே 1067 என்பது 16.7 மி.மீ., அதே தண்டவாளம் கிட்டத்தட்ட சரியாகவே பொருந்தும். ஆனால் பெட்டி, ஸ்டேஷன், மரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

முந்தைய வகையான 34-000 பாடிக்கு 34-400 எண் ஒட்டி ஏமாற்ற முடியாது. 34-000-இன் இடப்பக்க அடிச்சட்டம் மீன் வயிறு போல நடுவில் தொங்கும். 34-400-இல் நேராக இருக்கும். கேபினுக்குப் பின்னுள்ள பக்க வலைகளை ஒட்டி, நீண்ட மூக்கின் (இன்ஜினை மூடும் நீளப் பகுதியின்) மேல் சேணம் போல உட்காரும் காற்று வடிகட்டியையும் கவனிக்க வேண்டும். புகைப்படத்தை முதலில் தேர்ந்து, அதிலிருக்கும் எண்ணையே ஒட்டுவதுதான் பாதுகாப்பு.

பாடியின் 1.2 மி.மீ. சுவர் முதல் கோடையிலேயே உள்வாங்கியது. உள்ளே 2 மி.மீ. பித்தளைக் கோணத்தை எபாக்ஸியில் ஒட்டியதும் நின்றது. பெயின்டுக்கு முன்பே இதைச் செய்திருந்தால் மறுபடி தேய்க்கும் வேலை மிச்சம். ரெசினுக்கு வெயில் ஆகாது. ஜன்னலோரம் வைத்த பாடி நொறுங்கத் தொடங்கும்.

கைப்பிடிக் கம்பிதான் பெரிய தலைவலி. 0.4 மி.மீ. பித்தளைக் கம்பி, 0.45 டிரில். சூப்பர் குளூ போட்ட மூட்டுகள் ஒவ்வொன்றாக விட்டன, ஏனென்றால் அந்தப் பசை இறுகியபின் அதிர்வைத் தாங்காது. இப்போது தூண்களோடு சோல்டர் செய்து, ஒரு பக்கத்துக் கம்பி முழுவதையும் ஒரே துண்டாக்கி, அதை நடைபாதைத் தட்டில் மட்டும் ஊன்றியிருக்கிறது. பாடியைத் தூக்கினாலும் கம்பி அசையாது. ஜன்னல் கண்ணாடிக்கும் சூப்பர் குளூ வேண்டாம், ஆவியில் வெண்மை படியும். வெள்ளைப் பசை போதும்.

பழைய சிவப்பு வண்ணம் அடிக்க மஞ்சளை முதலில் அடித்து, முகப்பிலுள்ள மஞ்சள் மீசைக் கோட்டை டேப்பால் மறைத்து, சிவப்பைப் பிறகு அடிக்க வேண்டும். சிவப்பின் மேல் மஞ்சள் ஏறாது. மேட் வார்னிஷை டர்பனின் பிப்ரவரியில் தொடவே கூடாது. ஈரத்தில் பால் படிந்தது போலாகிவிடும்.

மின்சாரப் பகுதியில் ஒரு சின்ன வேடிக்கை. டிசிசியில் (தண்டவாளம் வழியே ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியே இயக்கும் டிஜிட்டல் முறையில்) இன்ஜின் முகவரி 10239-க்கு மேல் போகாது, 34-401 என்ற வண்டி எண்ணை 34401 என்று ஏற்ற முடியாது. 4401 என்று வைத்தால் சரி. 0603 என்ற மிகச் சிறிய அளவு எல்இடிக்கு 1 கே (1000 ஓம்) ரெசிஸ்டர் போட்டால் முகப்பு விளக்கு வெல்டிங் போல எரியும், 4.7 கே போட்டால் ஏறக்குறைய 2 மில்லி ஆம்பியர், போதுமான வெளிச்சம். மின்சாரத்தைச் சற்றுத் தேக்கித் தரும் ஸ்டே-அலைவ் கெபாசிட்டர் அழுக்குத் தண்டவாளத்தை நன்றாகத் தாண்டுகிறது. மின்வெட்டில் வீடே இருண்ட பிறகும் இரண்டு விநாடி இன்ஜின் மட்டும் உறுமும்!

ஓட்டத்தில் வந்த ஒரே பெரிய பழுது அச்சின் பிளாஸ்டிக் பற்சக்கரம். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு முறை ‘டக்’ என்றால் விரிசல்தான். ஒட்டிப் பயனில்லை; ஆறு அச்சுக்கும் புதிது மாற்றி, சக்கரங்களின் உட்புற இடைவெளியை 14.4 மி.மீ.-இல் நிறுத்துங்கள்.

பிரேக் ஹோஸ் (பிரேக் குழாய்) பொருத்தினால் 457 மி.மீ. ஆர வளைவில் கப்ளர் (பெட்டி கோர்க்கும் கொக்கி) இடித்து வண்டி தடம் புரளும். 610-இல் இடிக்கவில்லை. வளைவு சிறியதென்றால் கப்ளர் பக்கத்து ஹோஸைப் பிடுங்கிவிடுங்கள். பெட்டி கோர்த்துவிட்டால் அந்த இடைவெளியை யார் பார்க்கப் போகிறார்கள்?