எட்டு விசிபியுவுக்கு எத்தனை உரிமம்? கிளவுடில் ஆரக்கிளும் எஸ்க்யூஎல் சர்வரும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஆலை. ஆரம்பாக்கம் தாண்டி, தடாவுக்கு அப்பால் ஸ்ரீசிட்டியில் இன்னொரு ஆலை. தமிழ்நாடு, ஆந்திர எல்லைக்கு இரண்டு பக்கமும் ஓடுவது ஒரே ஈஆர்பி (ஆலையின் கணக்கும் இருப்பும் ஓடும் மென்பொருள்), அதற்கு அடியில் ஒரே டேட்டாபேஸ். சர்வர் பழசாகிவிட்டது, கிளவுடுக்குப் போய்விடலாம் என்ற பேச்சு வந்ததும் பெரும்பாலான இடங்களில் முதலில் எடுத்துப் பார்ப்பது மணிக்கு எவ்வளவு என்ற மெஷின் வாடகைப் பட்டியலைத்தான். டேட்டாபேஸ் என்று வரும்போது அந்தப் பட்டியல் வழிகாட்டாது. பெரும்பாலும் மெஷின் வாடகையை விடப் பெரிய செலவு உரிமத்தில்தான் இருக்கிறது. அந்த உரிமத்தை ஒவ்வொரு கிளவுடிலும் ஒவ்வொரு படியால் அளக்கிறார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள். இங்கே எந்தப் படியால் அளக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி.

அளவுகோல் விசிபியு, அதாவது கிளவுடு மெஷினின் சிபியு அலகு. இன்டெல் சிப் உள்ள பெரும்பாலான கிளவுடு மெஷின்களில் ஒரு விசிபியு என்பது ஒரு முழு கோர் அல்ல, ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கால் கிடைக்கும் ஒரு த்ரெட் மட்டுமே. 8 விசிபியு என்றால் நிஜத்தில் 4 கோர். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் பிடிபடும்.

ஆரக்கிள்: ஒரே உரிமம், இரண்டு படி

சொந்த சர்வரில் ஆரக்கிளின் பெரிய பதிப்பான என்டர்பிரைஸ் எடிஷனுக்குக் கோர் ஃபேக்டர் என்ற சலுகை உண்டு. இன்டெல் கோர் ஒன்றுக்கு 0.5. 8 கோர் சர்வருக்கு 4 பிராசஸர் உரிமம் போதும். 2017 ஜனவரியில் ஆரக்கிள் தன் கிளவுடு கொள்கையை மாற்றி, அமேசான், மைக்ரோசாஃப்டின் அஷூர் இரண்டிலும் இந்தச் சலுகை செல்லாது என்றது. ஹைப்பர்த்ரெடிங் இருந்தால் 2 விசிபியுவுக்கு ஒரு உரிமம், இல்லாவிட்டால் ஒரு விசிபியுவுக்கே ஒரு உரிமம். பின்னால் கூகுள் கிளவுடும் அதே பட்டியலில் சேர்ந்தது. ஆரக்கிளின் சொந்தக் கிளவுடில் மட்டும் ஒரு உரிமத்துக்கு 2 ஓசிபியு. ஒரு ஓசிபியு என்பது ஒரு முழு கோர், அதாவது 2 விசிபியு.

கையில் 4 என்டர்பிரைஸ் உரிமம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் அவை எவ்வளவு தூரம் தாங்கும்? (ஸ்டாண்ட்பை என்பது முதல் மெஷின் விழுந்தால் கை கொடுக்கத் தயாராக இருக்கும் இரண்டாவது மெஷின்.)

| எங்கே | ஒரே மெஷின் | ஸ்டாண்ட்பையோடு |
|---|---|---|
| சொந்த இன்டெல் சர்வர் | 8 கோர் | 4 + 4 கோர் |
| அமேசான், அஷூர், கூகுள் | 8 விசிபியு (4 கோர்) | 4 + 4 விசிபியு (2 + 2 கோர்) |
| ஆரக்கிள் கிளவுடு | 8 ஓசிபியு (8 கோர்) | 4 + 4 ஓசிபியு |

நடு வரிசையில்தான் பலர் சிக்குகிறார்கள். ஆலையில் 8 கோரில் ஓடிய டேட்டாபேஸை 8 விசிபியுவுக்கு மாற்றுகிறார்கள். எண் ஒன்றுதான், சக்தி பாதி. மாதக் கடைசியில் இருப்புக் கணக்கு முடிக்கும்போது திணறுகிறது. 16 விசிபியுவுக்கு ஏற்றச் சொல்லி மெஷின் அளவை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் கூடுதலாக 4 உரிமம் தேவைப்பட்டுவிடும். பட்டியல் விலை உரிமம் ஒன்றுக்கு 47,500 டாலர், அதன் மேல் ஆண்டுக்கு 22 சதவீதம் சப்போர்ட். 4 உரிமத்துக்கு 1,90,000 டாலரும், வருடாவருடம் 41,800 டாலரும். பேரம் பேசினால் தள்ளுபடி கிடைக்கும். ஆரக்கிளின் ஆடிட்டில் மாட்டிய பிறகு பேரம் பேசும் பலம் நம் பக்கம் இருக்காது.

ஸ்டாண்ட்பை விஷயத்தில் தயக்கமே வேண்டாம்: டேட்டா கார்டு (ஆரக்கிளின் நகல் வசதி) வைத்து ஓடும் இரண்டாவது டேட்டாபேஸுக்கும் முதலாவதற்கு இருக்கும் அதே அளவு உரிமம் வேண்டும். அது சும்மாதான் இருக்கிறது என்ற வாதம் எடுபடாது. அமேசானே டேட்டாபேஸை நிர்வகித்துத் தரும் ஆர்டிஎஸ்ஸில் சொந்த உரிமத்தோடு, வேறு டேட்டா சென்டரில் நகல் வைக்கும் மல்ட்டி ஏஇசட் பெட்டியை டிக் செய்தால் இரண்டு மெஷினுக்கும் கணக்கு உண்டு. சோதனைக்காக எடுத்த நகலுக்கும் அப்படியே. ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்பிய டெஸ்ட் மெஷினை அணைக்க மறந்தால் அதுவும் உரிமம் கேட்கும்.

ஆள் கணக்கில் வாங்கும் வழியும் இருக்கிறது: நேம்டு யூசர் பிளஸ், என்டர்பிரைஸுக்கு ஒருவருக்கு 950 டாலர். ஆனால் பிராசஸர் ஒன்றுக்குக் குறைந்தது 25 பேர். 8 விசிபியு என்றால் 4 பிராசஸர், ஆக 100 பேருக்கு 95,000 டாலர். பிராசஸர் உரிமத்தில் பாதி. 80, 90 பேர் பயன்படுத்தும் ஆலைக்கு இது நல்ல வழி. எண்ணும்போதுதான் கவனம் வேண்டும். ஒரே கணினியில் மூன்று ஷிஃப்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் அது மூன்று. எடைமேடையிலிருந்து தானாக எடை அனுப்பும் கருவியும் தலைக்கணக்கில் சேரும்; பார்கோடு ஸ்கேனர் என்றால் அதைப் பிடித்து வேலை செய்யும் ஆட்களை எண்ண வேண்டும். நடுவில் ஒரு ஆப் சர்வர் இருக்கிறது, டேட்டாபேஸுக்கு ஒரே யூசர்தான் தெரியும் என்று குறைத்து எண்ண முடியாது. அதற்குப் பின்னால் இருக்கும் ஆட்களைத்தான் எண்ண வேண்டும். கேட்டில் ஸ்கேனரோடு இரண்டு பேர், கிடங்கில் ஆறு பேர் என்று கூட்டிக்கொண்டே போனால் 100 சீக்கிரம் நிரம்பும்.

எஸ்இ2: சின்ன ஆலையின் நண்பன்

என்டர்பிரைஸ் உண்மையிலேயே தேவையா என்று கேட்காமல் போவதுதான் மிகப் பெரிய விரயம். ஸ்டாண்டர்டு எடிஷன் 2 (எஸ்இ2) என்ற சிறிய பதிப்பு, ஒரு பிராசஸருக்கு 17,500 டாலர். அமேசான், அஷூர், கூகுளில் 4 விசிபியு வரை ஒரு உரிமம், 8 விசிபியுவுக்கு இரண்டு. 8 விசிபியுவுக்கு மேல் உள்ள மெஷினில் போடவே அனுமதி இல்லை. ஆரக்கிள் கிளவுடில் ஒரே உரிமம் 4 ஓசிபியு வரை தாங்கும். ஆக 8 விசிபியு மெஷினுக்கு அங்கே 17,500, மற்ற மூன்றிலும் 35,000 டாலர்.

விட்டுக்கொடுக்க வேண்டியவை: பார்ட்டிஷனிங் (பெரிய டேபிளைத் துண்டுகளாகப் பிரிப்பது), பேரலல் குவெரி (ஒரு கேள்வியைப் பல கோரில் பிரித்து ஓட்டுவது), ஆன்லைனில் இண்டெக்ஸ் மறுகட்டமைப்பு, டேட்டா கார்டு. 19சி பதிப்பு முதல் ராக்கும் (ஒரே டேட்டாபேஸைப் பல சர்வரில் ஓட்டும் வசதி) இல்லை. டேட்டா கார்டு இல்லாத குறையை ஆர்டிஎஸ் ஓரளவு தீர்க்கிறது. அதன் மல்ட்டி ஏஇசட் டிஸ்க் மட்டத்தில் நகல் எடுப்பதால் எஸ்இ2விலும் வேலை செய்யும். உரிமத்தை வாடகையிலேயே சேர்த்து வாங்கும் வசதியும் ஆர்டிஎஸ்ஸில் எஸ்இ2வுக்கு மட்டுமே உண்டு. என்டர்பிரைஸுக்குச் சொந்த உரிமம் வேண்டும். உரிமமே கையில் இல்லாதவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான்.

என்டர்பிரைஸிலிருந்து இறங்க முடியுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. டிபிஏ ஃபீச்சர் யூசேஜ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற வியூவில், எந்த வசதி எத்தனை முறை, கடைசியாக எப்போது பயன்பட்டது என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். ஆடிட் வருபவர்களும் அதைத்தான் திறந்து பார்ப்பார்கள். அதில் அடிக்கடி தலைகாட்டுவது ஏடபிள்யூஆர் என்ற வேக ஆய்வு ரிப்போர்ட். டேட்டாபேஸ் மெதுவாக ஓடுகிறது என்று யாரோ ஒருவர் அந்த ரிப்போர்ட்டை எடுத்திருப்பார். அது டயக்னாஸ்டிக்ஸ் பேக்கில் வருவது, பிராசஸருக்குத் தனியாக 7,500 டாலர். என்டர்பிரைஸ் எடிஷனில் இந்த பேக்கும் ட்யூனிங் பேக்கும் நிறுவும்போதே திறந்த நிலையில் இருக்கும். கன்ட்ரோல் மேனேஜ்மென்ட் பேக் ஆக்சஸ் என்ற பாராமீட்டரை ‘நன்’ என்று மாற்றி மூடி வைப்பது நம் பொறுப்பு. ஏடபிள்யூஆருக்குப் பதிலாக ஸ்டேட்ஸ்பேக் பயன்படுத்தலாம், அதற்குக் காசு இல்லை.

எஸ்க்யூஎல் சர்வர்: கையில் அஷ்யூரன்ஸ் இருக்கிறதா?

மைக்ரோசாஃப்டின் எண்ணிக்கை எளிது. ஒரு விசிபியுவுக்கு ஒரு கோர் உரிமம், மெஷினுக்குக் குறைந்தது 4. 2 விசிபியு மெஷினுக்கும் நான்குக்கே காசு. 2022 பதிப்பில் இரண்டு கோர் பேக் ஸ்டாண்டர்டுக்கு 3,945 டாலர், என்டர்பிரைஸுக்கு 15,123. 8 விசிபியுவுக்கு முறையே 15,780, 60,492.

சிக்கல் இருப்பது வேறிடத்தில். வாங்கிய உரிமத்தைப் பொதுவான கிளவுடு மெஷினுக்குக் கொண்டுபோக சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்ற ஆண்டுக் கட்டண ஒப்பந்தம் நடப்பில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு உரிம விலையில் சுமார் கால் பங்கு. முன்பெல்லாம் அஷ்யூரன்ஸ் இல்லாவிட்டாலும் நமக்கு மட்டுமான தனி ஹோஸ்ட் சர்வர் எடுத்து அதில் போடலாம். 2019 அக்டோபர் 1க்குப் பிறகு வாங்கிய உரிமங்களுக்கு அந்த வழியை அமேசான், கூகுள், அலிபாபா, மைக்ரோசாஃப்ட் கிளவுடுகளில் அடைத்துவிட்டார்கள். அஷ்யூரன்ஸ் இருந்தால் செயலற்ற ஸ்டாண்ட்பைக்குத் தனி உரிமம் வேண்டாம். ஆரக்கிளோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இது. ஆனால் அந்த ஸ்டாண்ட்பையிலிருந்து ஒரு ரிப்போர்ட் எடுத்தாலும் அது செயலற்றது இல்லை என்றாகிவிடும்.

வாடகையா, வாங்குவதா? அஷூரில் ஸ்டாண்டர்டு வாடகை கோருக்கு மணிக்குச் சுமார் 10 சென்ட். 8 விசிபியு வருடம் முழுக்க ஓடினால் ஏறத்தாழ 7,000 டாலர். வாங்கினால் 15,780, வருடம் 3,945 அஷ்யூரன்ஸ். கூட்டிப் பார்த்தால் இரண்டும் சமமாவது ஏறக்குறைய ஐந்தாம் ஆண்டில். புதிதாகத் தொடங்குபவர்கள் வாடகைக்கே போகலாம். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அணைத்து வைக்கக்கூடிய மெஷினுக்கு இன்னும் லாபம். ஏற்கெனவே உரிமம் உள்ளவர்களுக்கு 3,945க்கும் 7,000க்கும் இடையில் யோசிக்க ஒன்றுமில்லை. சொந்த உரிமத்தை அஷூருக்குக் கொண்டுபோகும் ஹைப்ரிட் பெனிஃபிட்டே அவர்களுக்கு நல்லது. அமேசானுக்குக் கொண்டுபோனால் லைசென்ஸ் மொபிலிட்டி படிவத்தை 10 நாளுக்குள் மைக்ரோசாஃப்டுக்கு அனுப்ப வேண்டும். அங்கேயும் வழக்கமான ஆர்டிஎஸ்ஸில் சொந்த உரிமம் செல்லாது. நாமே நிர்வகிக்கும் இசி2 மெஷினில்தான் போட வேண்டும்.

2022 ஸ்டாண்டர்டுக்கு 128 ஜிபி மெமரி, 24 கோர் என்ற வரம்பு ஒரு நடுத்தர ஆலைக்குத் தாராளம். ஸ்டாண்ட்பைக்கு மாற்றிவிடும் அவைலபிலிட்டி குரூப் ஒன்றில் ஒரே டேட்டாபேஸ்தான் வைக்க முடியும் என்பதுதான் உறுத்தும். ஈஆர்பி மூன்று டேட்டாபேஸாகப் பிரிந்திருந்தால் மூன்று குரூப், மூன்றும் சேர்ந்தே மாறும்படி ஸ்கிரிப்ட் எழுத வேண்டும்.

உரிமத்தைக் குறைக்கும் மெஷின் தேர்வு

டேட்டாபேஸுக்குப் பெரும்பாலும் பற்றாமல் போவது மெமரிதான், கோர் அல்ல. அதனால் குறைந்த கோர், நிறைய மெமரி உள்ள வகையைத் தேட வேண்டும். அமேசானில் ஆர்6ஐ எக்ஸ்லார்ஜ் 4 விசிபியுவும் 32 ஜிபியும். எக்ஸ்2ஐஇடிஎன் எக்ஸ்லார்ஜ் அதே 4 விசிபியுவுக்கு 128 ஜிபி. வாடகை கூடும், உரிமம் கூடாது. அஷூரில் இ8-4 போன்ற கட்டுப்படுத்திய வகைகள் 8 விசிபியு மெஷினின் 64 ஜிபியைக் கொடுத்து 4 விசிபியுவை மட்டும் திறக்கின்றன. எஸ்க்யூஎல் சர்வருக்கு நான்குக்கே கணக்கு. ஆரக்கிளுக்கு அப்படி நம்பிவிடக் கூடாது. அதன் கொள்கை மெஷின் வகையின் உச்ச விசிபியுவை எண்ணச் சொல்கிறது; குறைத்து எண்ணுவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏஎம்டி சிப் உள்ள அமேசானின் எம்7ஏ, ஆர்7ஏ வகைகளில் ஹைப்பர்த்ரெடிங் கிடையாது, ஒரு விசிபியு ஒரு முழு கோர். எஸ்க்யூஎல் சர்வருக்கு இது அதிர்ஷ்டம்: அதே உரிமத்துக்கு முழு கோர். ஆரக்கிளிலோ விசிபியு ஒன்றுக்கே ஒரு உரிமமாக எண்ணிக்கை இரட்டிப்பாகும். ஒருவருக்குச் சொன்ன மெஷினை மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் நேரும் நஷ்டம் இது.

எல்லைக்கு இரண்டு பக்கமும்

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் இருப்பது அஷூரின் சென்னை ரீஜன் (டேட்டா சென்டர்கள் உள்ள வட்டாரம்). ஆனால் ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும் தனித்தனி டேட்டா சென்டர்களான அவைலபிலிட்டி ஜோன்கள் அங்கே இல்லை. ஜோன் வேண்டும் என்றால் புனேயில் உள்ள சென்ட்ரல் இந்தியாதான். அமேசானுக்கு மும்பையும் ஹைதராபாதும், கூகுளுக்கு மும்பையும் டெல்லியும், ஆரக்கிளுக்கு மும்பையும் ஹைதராபாதும். எந்த ரீஜனாக இருந்தாலும் உரிம எண்ணிக்கை மாறாது.

மாறக்கூடியது உரிமம் யார் பெயரில் என்பது. இரண்டு ஆலையும் ஒரே பான் எண்ணில், 33லும் (தமிழ்நாடு) 37லும் (ஆந்திரா) தொடங்கும் இரண்டு ஜிஎஸ்டி பதிவாக இருந்தால் உரிமத்தில் சிக்கல் இல்லை. ஆனால் ஒரே பில்லில் வரும் கிளவுடு சேவையின் வரிக் கிரெடிட்டை 2025 ஏப்ரல் 1 முதல் ஐஎஸ்டி (இன்புட் சர்வீஸ் டிஸ்ட்ரிபியூட்டர்) பதிவு வழியாகத்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஸ்ரீசிட்டி ஆலை தனிக் கம்பெனியாகப் பதிவானது என்றால் கதையே வேறு. ஆரக்கிள் ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் யார் என்ற வரியையும், துணைக் கம்பெனிகள் அதில் அடங்குமா என்பதையும் படித்துப் பாருங்கள். சிப்காட் கம்பெனியின் பெயரில் வாங்கியதை இன்னொரு கம்பெனி பயன்படுத்த அந்த வரி இடம் கொடுக்க வேண்டும்.

ஆரக்கிளின் கிளவுடு கொள்கை ஆவணம் ஒப்பந்தத்தின் பகுதி அல்ல என்று அந்த ஆவணமே சொல்கிறது. இடம்பெயரும் நாளில் இருந்த பதிப்பைத் தேதியோடு சேமித்து வையுங்கள்.

கடைசியாக, ஏசி அறையில் இருக்கும் அந்தப் பழைய சர்வர். புதியது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கும்வரை இருக்கட்டும் என்று விட்டு வைப்பார்கள். அஷூருக்கு ஹைப்ரிட் பெனிஃபிட்டோடு போகும் எஸ்க்யூஎல் சர்வர் உரிமத்துக்கு 180 நாள் இரண்டு இடத்திலும் ஓட அனுமதி உண்டு. ஆரக்கிளின் அந்தக் கொள்கை ஆவணத்தில் அமேசான், அஷூர், கூகுளுக்குப் போகிறவர்களுக்கு அப்படியொரு அவகாசம் எழுதப்படவில்லை. ஓடாமல் நிறுவப்பட்டு மட்டும் இருந்தாலும் ஆரக்கிள் எண்ணும். பேக்கப்பை எடுத்துச் சரிபார்த்ததும் சாஃப்ட்வேரை நீக்கி, நீக்கிய தேதியை எழுதிக் கையெழுத்து வாங்கி ஃபைலில் போட்டுவிடுங்கள்.