மீ.பொ.கா. காண யூக்ளிட் வகுத்தல் முறை: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணக்கு டியூஷன் எடுக்கிறேன். மீப்பெரு பொதுக் காரணி (மீ.பொ.கா.), அதாவது கொடுத்த எண்கள் எல்லாவற்றையும் மீதியின்றி வகுக்கும் மிகப்பெரிய எண், காண உள்ள முறைகள் எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் பலகையில் போட்டுப் பார்த்தாயிற்று. கடைசிவரை கைகொடுப்பது, மீதியை வைத்து வகுத்துக்கொண்டே போகும் யூக்ளிட் முறைதான்.

காரணிகளைப் பட்டியலிடுவது 12, 18 போன்ற சின்ன எண்களுக்குப் போதும். மீ.பொ.கா. என்றால் என்ன என்று புரியவைக்க அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் எண் நூறைத் தாண்டினால் ஏதாவது ஒரு காரணி விட்டுப்போகும்.

பகாக் காரணிப்படுத்தலும் 84, 120 என்றால் சுலபம். 1517, 1763 கொடுத்துப் பாருங்கள். 2, 3, 5, 7 என்று 31 வரை போனாலும் இரண்டுமே மசியாது. அதற்குள் பிள்ளைகள் "இது பகா எண் டீச்சர்" என்று முடிவுகட்டிவிடுவார்கள். யூக்ளிட் முறையில் இதே கணக்கு:

1763 ÷ 1517, மீதி 246
1517 ÷ 246, மீதி 41
246 ÷ 41, மீதி 0

கடைசியாக எதால் வகுத்தோமோ அந்த 41தான் விடை. ஒரு பகா எண்கூடத் தேடவில்லை.

வழிமுறையை மட்டும் மனப்பாடம் செய்யவைத்தால் ஒரு மாதத்தில் மறந்துவிடும். காரணத்தைச் சொன்னால் நிற்கிறது. இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எண், அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தே ஆகவேண்டும். இங்கே வித்தியாசம் 246, அதாவது 2 × 3 × 41. கொடுத்த எண்கள் ஒற்றைப்படை, ஆகவே 2 இல்லை. 1517-இன் இலக்கங்களைக் கூட்டினால் 14, ஆகவே 3 இல்லை. மிச்சம் 41 அல்லது 1. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்போது வகுப்பில் வரும் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

குறையும் உண்டு. 89, 55 போல ஃபிபனாச்சி வரிசையில் (முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை) அடுத்தடுத்து வரும் எண்கள் வந்தால் இழுக்கும். ஒன்பது முறை வகுத்துத்தான் 1 கிடைக்கும். சின்ன எண்ணின் இலக்க எண்ணிக்கையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் படிகள் போகாது என்று 1844-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாமே நிறுவியிருக்கிறார்; ஈரிலக்கத்துக்கு அதிகபட்சம் பத்து. படியைக் குறைக்க, மீதி பெரிதாக இருந்தால் அடுத்த மடங்கிலிருந்து எவ்வளவு குறைகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 89 என்பது 110-க்கு (55 × 2) 21 குறைவு, 55 என்பது 63-க்கு (21 × 3) 8 குறைவு. இப்படிப் போனால் ஐந்தே படி.

இடையில் ஒரு கழித்தல் தவறினால் கீழே எல்லாம் தவறிவிடும். அதனால் விடையால் இரண்டு எண்களையும் வகுத்துப் பார்க்கச் சொல்வேன். முதல் கணக்கில் 1517, 1763-ஐ 41 ஆல் வகுத்தால் 37, 43 வருகிறது. இரண்டுக்கும் 1 தவிரப் பொதுக் காரணி இல்லை. விடை சரி.

மூன்று எண்களுக்குப் பலரும் ஏணி போல எழுதி வகுக்கிறார்கள். 12, 18, 27-ஐ 3 ஆல் வகுத்தால் 4, 6, 9. அங்கேயே நிறுத்தவேண்டும். மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) காணும் பழக்கத்தில் 4, 6-ஐ மட்டும் 2 ஆல் வகுத்து, விடை 6 என்று எழுதும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். இரண்டு எண்களுக்கு முதலில் கண்டு, அந்த விடையோடு மூன்றாவதைச் சேர்த்தால் இந்தக் குழப்பமே வராது. 252, 420, 147 என்ற மூன்றை எடுத்துக்கொள்வோம். 252, 420-க்கு 84. 84, 147-க்கு 21. மூன்றுக்கும் 21.

கி.மு. 300 வாக்கில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் நூலின் ஏழாம் பகுதியில் எழுதிவைத்த முறை இது. நம் தமிழ்நாட்டுப் பாடநூலில் பத்தாம் வகுப்பில் விரிவாக வருகிறது. நீள் வகுத்தல் நன்றாகத் தெரிந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே தாராளமாகச் சொல்லித்தரலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.