நெல் திருவிழாவா, ஊட்டி மலர்க் கண்காட்சியா?

திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டியில் நடக்கும் நெல் திருவிழா, ஊட்டி மலர்க் கண்காட்சி, இந்த இரண்டில் கோடை விடுமுறையில் ஒன்றுக்குத்தான் போக முடியும், எதற்குப் போகலாம் என்று தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள்.

செலவு:
ஊட்டி: நுழைவுச் சீட்டு, சீசனில் ஏறிவிடும் அறை வாடகை.
திருத்துறைப்பூண்டி: பஸ் செலவுதான் பெரிது. ஆனால் வெயில் கடுமை.

பார்க்க:
ஊட்டி: 1848இல் உருவான தாவரவியல் பூங்கா, மலர்களால் செய்த பெரிய உருவங்கள். குழந்தைகள் துள்ளுவார்கள்.
திருத்துறைப்பூண்டி: மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார் என்று பாரம்பரிய நெல் ரகங்கள். காட்டுயானம் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், வெள்ளத்திலும் நிற்கும். விளைய ஏறத்தாழ 6 மாதம் என்பதால், வயதை, அதாவது விதைத்து எத்தனை நாளில் அறுக்கலாம் என்பதைக் கேட்காமல் எந்த விதையையும் வாங்காதீர்கள்.

கையில் வருவது:
ஊட்டி: நாற்றும் விதையும் வாங்கலாம். சமவெளி வெயிலுக்குப் பல தாங்காது.
திருத்துறைப்பூண்டி: பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் 2006இல் தொடங்கிய வழக்கப்படி, 2 கிலோ விதை வாங்கும் விவசாயி அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவர் 2018இல் மறைந்த பிறகும் விழா தொடர்கிறது. இதற்கு ஈடாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

சின்னக் குழந்தைகள், வயதானவர்களோடு போகிறீர்களா, சரி, ஊட்டி. கால் ஏக்கர் நிலமாவது இருந்தால் யோசிக்கவே வேண்டாம், திருத்துறைப்பூண்டிதான். தேதியை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், சில ஆண்டுகளில் ஜூனுக்குத் தள்ளிப்போகும்.