இரண்டே தடவையா, எத்தனை தடவையுமா: ரீயூனியன் பிள்ளைகளுக்கு எந்த மருத்துவ வழி?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் குடியேறிய புதுச்சேரிக் குடும்பங்களில் பிள்ளை பள்ளிக் கடைசி வகுப்பான தெர்மினாலுக்கு வந்து, டாக்டராகணும் என்று வாயெடுத்தால் போதும், வீடு இரண்டு கட்சியாகிவிடும். "இங்க ரெண்டு சான்ஸ்தான், விட்டா போச்சு. ஊருக்கு அனுப்புங்க, நீட் எத்தனை தடவை வேணும்னாலும் எழுதலாம்" என்பார் பெரியப்பா. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பெரியப்பா கட்சி இல்லை.

பிரெஞ்சு ஏற்பாட்டை முதலில் பார்ப்போம். 1971-இல் வந்த நூமெரூஸ் க்ளோசூஸ் என்ற இட வரம்பை 2019 சட்டம் எடுத்தது. 2020 முதல், மருத்துவத்துக்குப் போக நினைப்பவர்கள் படித்த பொது முதலாண்டான பழைய பாசெஸும் போயிற்று. பாசெஸில் தேறாதவர் அதே முதலாண்டை இன்னொரு தடவை படிக்க முடிந்தது. இப்போது அது கிடையாது. இரண்டு பாதைகள்தான்: மருத்துவப் பாடம் பெரும்பகுதியாகவும் வேறொரு துறை சிறுபகுதியாகவும் உள்ள 'பாஸ்', வேறு துறைப் பட்டப்படிப்போடு மருத்துவம் சிறுபகுதியாக வரும் 'லாஸ்'. ரீயூனியன் பல்கலைக்கழகத்தில் இரண்டுமே உண்டு. மொத்தம் இரண்டு தடவைதான் மருத்துவ இடம் கேட்கலாம். பாஸ் ஆண்டைத் திரும்பப் படிக்க முடியாது.

இதில் பலர் கவனிக்காத முடிச்சு ஒன்று இருக்கிறது. இரண்டாவது வாய்ப்பு சும்மா வராது. முதலாண்டின் 60 கிரெடிட்டையும் தேறி, சிறுபகுதியாக எடுத்த துறையின் இரண்டாம் ஆண்டுக்குப் போய், அங்கிருந்துதான் மறுபடி இடம் கேட்க வேண்டும். ஆக, விளையாட்டாகத் தேர்ந்தெடுத்த அந்தத் துறைதான் பிறகு சோறு போடும் துறையாகவும் ஆகலாம். மெத்ரோபோலில், அதாவது பிரான்ஸ் பெருநிலத்தில், படித்த எங்கள் உறவுப் பையன் ஒருவன், கூட்டாளிகள் எடுத்தார்கள் என்று சட்டத்தை எடுத்தான். மே மாதம் பட்டியலில் பெயர் வரவில்லை. செப்டம்பரில் ஒப்பந்தச் சட்டத்தைப் பக்கம் பக்கமாக நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தான். உயிரியலில் ஊறியவன், கட்சிக்காரர், வழக்கு, தீர்ப்பு என்று படிக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் தடவையும் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குள் கையில் இரண்டு ஆண்டுப் பட்டப்படிப்பு முழுசாக இருந்தது, மூன்றாம் ஆண்டில் சேர்ந்துவிட்டான்.

லாஸில் சேருபவர்களுக்கு இன்னொரு வசதி: முதலாண்டிலேயே வாய்ப்பைச் செலவழிக்க வேண்டியதில்லை, பாடம் பிடிபட்ட பிறகு இரண்டாம், மூன்றாம் ஆண்டில் கேட்கலாம். மெதுவாகச் சூடேறும் பிள்ளைக்கு இதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

இனி நீட். 180 கேள்வி, 720 மதிப்பெண், ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர். தடவைக்கு வரம்பு இல்லை. பொதுப்பிரிவுக்கு 25 வயது என்ற உச்சவரம்பு கொஞ்ச காலம் இருந்து வழக்கில் அல்லாடியது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதையும் எடுத்துவிட்டது. கதவு அகலத் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் இந்தியக் கல்லூரி சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் அந்த ஆண்டோடு சரி. அடுத்த மே மாதம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். ரிப்பீட்டர் பேட்ச்சில் இரண்டு மூன்று ஆண்டு உட்கார்ந்த பிள்ளைக்கு, இடம் கிடைக்காவிட்டால், காட்ட ஒரு கிரெடிட்கூட இல்லை. வரம்பில்லாத தேர்வில் "போதும்" என்று சொல்வது யார்? அப்பாவும் சொல்லமாட்டார், கோச்சிங் சென்டரும் சொல்லாது, பிள்ளைக்கோ சொல்ல வாய் வராது.

உள்ளே போனால் வரம்பு வந்துவிடுகிறது என்பதையும் பெரியப்பாவுக்கு யாராவது சொல்லுங்கள். எம்பிபிஎஸ் முதலாண்டுத் தேர்வை நான்கு தடவைக்குள் தேற வேண்டும், மொத்தப் படிப்பையும் ஒன்பது ஆண்டுக்குள் முடிக்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்குத் தனிச் சிக்கல்கள் வேறு. நீட்டுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் பன்னிரண்டாம் வகுப்பில் படித்திருக்க வேண்டும். இங்கே தெர்மினாலில் இரண்டே சிறப்புப் பாடம். இயற்பியல்-வேதியியலும், உயிரியல் வரும் எஸ்விடியும் வைத்துக்கொண்டால்தான் நீட்டுக்குச் சரிவரும். அதற்கு முந்தைய வகுப்பான பிரெமியேரில் கணக்கை விடவா, எஸ்விடியை விடவா என்று முடிவெடுக்கும்போதே நீட் கதவு சாத்தப்பட்டுவிடலாம். நீட் வழக்கமாக மே மாதம், பள்ளி இறுதித் தேர்வான பாக் எழுத்துத்தேர்வு ஜூனில். தேர்வு மையமும் தீவில் இல்லை, விமானம் ஏற வேண்டும்.

அடுத்தது, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை. 2021 மார்ச் 4 அறிவிக்கைப்படி மருத்துவச் சேர்க்கையில் ஓசிஐக்காரர்களுக்கு என்ஆர்ஐ இடங்கள் மட்டுமே. உச்ச நீதிமன்றம் 2023-இல், அந்தத் தேதிக்கு முன்பே அட்டை பெற்றவர்களை இது பாதிக்காது என்றது. அண்ணனுக்கு ஒரு விதி, தம்பிக்கு வேறு விதி என்று ஒரே வீட்டில் ஆகலாம். என்ஆர்ஐ இடத்தின் கட்டணத்தைப் பார்த்துவிட்டு வந்தால் வாக்குவாதம் தானாகவே அடங்கும்.

இதையெல்லாம் தாண்டி எம்பிபிஎஸ் வாங்கிவிட்டான் என்றே வைப்போம். இந்தியாவிலேயே தொழில் செய்வதானால் கவலை இல்லை. ஆனால் பெரும்பாலும் அம்மா அப்பா இருக்கும் இந்தத் தீவுக்குத்தான் திரும்ப நினைப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய பட்டத்தைப் பிரான்ஸ் அப்படியே ஏற்பதில்லை. ஈவிசி என்ற அறிவுச் சோதனைத் தேர்வு எழுத வேண்டும். அது இடங்கள் எண்ணி வைத்த போட்டித் தேர்வு.

ருமேனியாவின் க்ளூஜ் நகரில் பிரெஞ்சு மொழியிலேயே மருத்துவம் படிக்கலாம். ஒன்றியத்துப் பட்டம் என்பதால் திரும்பி வரும்போது இந்தத் தொல்லை இல்லை. இரண்டு வாய்ப்பும் போன பிறகும் ஆசை விடாத பிள்ளைக்கு, சென்னை விமானத்தைவிட அதைத்தான் நான் சொல்வேன், பனியில் நடுங்கினாலும்.

இந்தியாதான் என்று உறுதியாக இருக்கும் வீட்டில் இன்றே செய்ய வேண்டியது ஒன்றுதான்: அலமாரியிலிருந்து அந்த ஓசிஐ அட்டையை எடுத்து, கொடுத்த தேதியைப் பாருங்கள்.