'எக்கோஸ்' தொகுப்பும் காணாமல் போன ஏழு நிமிடங்களும்

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃப்ளாய்டை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது, 2001-இல் வந்த 'எக்கோஸ்: தி பெஸ்ட் ஆஃப் பிங்க் ஃப்ளாய்ட்' தொகுப்பை வாங்கினால் போதுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அந்த இரட்டை சிடி பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. அதன்மேல் பிரியமும் உண்டு, தீராத கோபமும் உண்டு.

கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தொகுப்புக்குப் பெயர் கொடுத்த பாட்டையே வெட்டிவிட்டார்கள். 1971-இன் 'மெட்டில்' இசைத்தட்டில் 'எக்கோஸ்' ஒரு முழுப் பக்கம், 23 நிமிடத்துக்கு மேல் ஓடும். இங்கே சுமார் 16½ நிமிடம்தான். குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் ரைட்டின் பியானோவிலிருந்து ஒற்றை ஸ்வரம் லெஸ்லி என்னும் சுழலும் ஸ்பீக்கர் வழியாகச் சொட்டும் அந்தத் தொடக்கத்திலிருந்தே, அவசரப்படாமல் இருப்பதுதான் அந்தப் பாட்டின் உயிர். நடுவில் தாளம் முழுக்க அடங்கிவிடும். கிட்டார் கலைஞர் கில்மோர், கிட்டார் ஒலியைக் காலால் மாற்றும் வா-வா பெடலைத் தலைகீழாக இணைத்து எழுப்பிய அலறல் மட்டும் இருட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வெறுமையில் நாம் நெடுநேரம் கிடந்தால்தான் இசை திரும்பி வரும்போது உடம்பு சிலிர்க்கும். முழுப் பாட்டைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த வெட்டு ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

'மரூண்ட்' நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்குக் கிராமி விருது வாங்கித் தந்த வாத்திய இசை அது. ஐந்தரை நிமிடத்தை இரண்டு நிமிடமாகக் குறுக்கியிருக்கிறார்கள். சிடியில் இடமில்லை என்பார்கள். சரி, 26 பாட்டுக்குப் பதில் 24 போட்டிருக்கலாமே? 'லேர்னிங் டு ஃப்ளை' இல்லையென்று யாரும் அழுதிருக்க மாட்டார்கள். பிரிட்டனில் முதலிடம் பிடித்த 'ஆட்டம் ஹார்ட் மதர்' ஆல்பத்திலிருந்து ஒன்றுகூட இல்லை என்பது தனிக் கதை.

ஆனால் பாட்டுகளை அடுக்கிய விதம் இருக்கிறதே, அதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருட வரிசை கிடையாது. ஒலிப்பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி ஒரு பாட்டின் வாலை அடுத்ததன் தலையோடு கோத்திருக்கிறார். 1967-உம் 1979-உம் ஒரே மூச்சில் வருகின்றன. முதல் பாட்டு 'அஸ்ட்ரானமி டோமினி', கடைசிப் பாட்டு 'பைக்'. இரண்டும் குழுவின் ஆரம்பகாலப் பாடகர் சிட் பாரெட் எழுதியவை. அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பிரிட்டிஷ் பதிப்பு தொடங்குவதும் முடிவதும் இதே இரண்டு பாட்டுகளில்தான். மனநிலை குலைந்து 1968-லேயே குழுவை விட்டு விலகியவர் சிட். அவரை நினைத்து எழுதிய 'ஷைன் ஆன் யூ க்ரேஸி டயமண்ட்' இரண்டாவது சிடியைத் தொடங்கிவைக்கிறது. அவர் இல்லாத காலத்துப் பாட்டுகள் எல்லாம் அவருடைய இரண்டு பாட்டுகளுக்கு நடுவே அடங்கிவிடுகின்றன. இதை விட மரியாதையாக ஒரு நண்பனை நினைவுகூர முடியாது. ஒரே ஆல்பமாக உட்கார்ந்து கேட்டபோதுதான் இது எனக்குப் புரிந்தது.

ஒரு எச்சரிக்கை. எம்பி3-ஆக மாற்றிக் கேட்பவர்கள் இடைவெளி விடாமல் ஓடும் ப்ளேயரைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கோத்த இடங்களிலெல்லாம் 'டக்'கென்று ஒரு மௌனம் விழும். ஷஃபிளில் போட்டால் பாட்டுகள் பாதியில் முளைத்துப் பாதியில் அறுந்துபோகும்.

இவ்வளவு சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில், இதில் ஆரம்பிக்க வேண்டாம் என்பதுதான். முதலில் 'மெட்டில்' வாங்குங்கள், இரண்டாம் பக்கத்தை இரவில் விளக்கணைத்துவிட்டு முழுசாகக் கேளுங்கள். அடுத்து 1975-இன் 'விஷ் யூ வேர் ஹியர்'. அப்புறமாக இந்தத் தொகுப்புக்கு வரலாம். என் பிரதியை மட்டும் இரவல் கேட்காதீர்கள், தர மாட்டேன்.