ஐந்நூறு பெல்லட்டும் ஒரு நகைத் தராசும்

மூன்று வருஷமாக வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு மாடி ஷெட்டில் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல் சுடுகிறேன். பத்து மீட்டர் தூரம், அட்டைக்குப் பின்னால் இரும்புப் பெட்டி. துப்பாக்கித் தோட்டாவுக்கு நாமே மருந்து நிரப்பிப் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. 1959 ஆயுதச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும் என்பதால் என் ஆராய்ச்சி ஏர் பிஸ்டலில் போடும் சின்ன ஈயக் குண்டான பெல்லட்டோடு சரி.

முதலில் வாங்கியது கூர்மூக்கு பெல்லட். அட்டையைப் பிய்த்துவிடும், ஒன்பது புள்ளியா பத்துப் புள்ளியா என்று சண்டை போடலாம். தட்டைமூக்கு வட்டமாக வெட்டி எடுக்கும். போட்டியில் அதைத்தான் சுடுகிறார்கள்.

அப்புறம் எடைப் பைத்தியம் பிடித்தது. பிஸ்டல் பெல்லட் சுமார் 0.45 கிராம், ரைஃபிளுக்கானது 0.53. லாங் பஜாரில் நகைப் பட்டறை வைத்திருக்கும் மைத்துனனிடம் ஒரு டின்னைக் கொண்டுபோய், ஐந்நூறையும் ஒவ்வொன்றாக நிறுத்து நாலு டப்பாவில் பிரித்தேன். "என்ன மாமா, ஹால்மார்க்கும் போட்டுத் தரட்டுமா?" என்றான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. பிஸ்டலை வைஸில் இறுக்கி ஐந்தைந்தாகச் சுட்டதில், பிரித்ததும் பிரிக்காததும் ஒன்றுபோலவே விழுந்தன.

விஷயம் தலை அளவில், அதாவது பெல்லட்டின் முன்பக்க விட்டத்தில், இருந்தது. ஒரே ரகம் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று வருகிறது. என் குழலில் 4.50 போட்டால் ஐந்து குண்டும் ஏழு மி.மீ. அகலத்துக்குள் அடங்கும், 4.49 போட்டால் ஒன்பது மி.மீ.யைத் தாண்டும். உங்கள் குழலுக்கு வேறு அளவு ஒத்துவரலாம், சுட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் அட்டையில் பத்துப் புள்ளி தரும் நடு வளையமே 11.5 மி.மீ. மோசமானதும் அதற்குள் அடங்குகிறது. கையில் பிடித்துச் சுட்டாலோ ஊத்தப்பம் அளவுக்குப் பரவுகிறது. அதற்கு எந்த டின் என்ன செய்யும்?

ஆம்பூர் நண்பர் உரிமத்தோடு வைத்திருக்கும் 5.5 மி.மீ. ஏர் ரைஃபிளையும் சுட்டேன். பெல்லட் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடை, இரும்பில் பட்டால் 'டொம்' என்ற சத்தமே தனி. பத்து மீட்டர் போட்டிக்கு 4.5 மட்டும்தான் என்பதால் ஆசையோடு நிறுத்திக்கொண்டேன்.

மழைக்காலத்தில் டின்னைத் திறந்து வைக்காதீர்கள், ஈயம் வெள்ளையாகப் பூத்துவிடும். சுட்ட கையோடு முறுக்கைத் தொடாதீர்கள், சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

பிரித்து வைத்த நாலு டப்பாவையும் போன மாதம் ஒன்றாகக் கொட்டிவிட்டேன். மைத்துனனிடம் இன்னும் சொல்லவில்லை.